டேப் சுற்றாத பிளாக்குகள்

பல் மருத்துவக் கல்லூரியில், வேர் சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். அங்கே ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் அவர் விரல் டாக்டர்.

பல்லின் வேருக்குள் ஓடும் மெல்லிய கால்வாயைத் தேய்த்து அகலப்படுத்த, ஊசி போன்ற ஒரு கருவி உண்டு. ஃபைல் என்பார்கள். அதை மோட்டாரில் மாட்டிச் சுழற்றலாம், விரலாலும் திருகலாம். இவர் விரல் கட்சி. மோட்டார் கட்சிக்கு ஒரே ஆள், பக்கத்து நாற்காலி டாக்டர். அவரை வாராமல் இவருக்குப் பொழுது போகாது.

"வளைவு வந்தா மோட்டாருக்கு என்ன சார் தெரியும்? அது பாட்டுக்குச் சுத்தும்" என்பார். வாய் கொஞ்சம் நீளம்தான். கை சுத்தம் என்பதால் பொறுத்துக்கொண்டோம்.

இரண்டில் எது மேல் என்று ஆராய்ச்சியே செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளாக்குகள் வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வளைந்த ஒரு கால்வாய். பாதியை மோட்டார் ஃபைலாலும் மீதியைக் கை ஃபைலாலும் அவரே தேய்த்தார். முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்தது, வளைவு நிமிர்ந்துபோனதா என்பது தெரிந்துவிடும். தேய்க்கும்போது மட்டும் உள்ளே தெரியாதபடி பிளாக்கைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். வாயில் இருக்கும் பல்லுக்குள் யாருக்கும் கண் தெரியாதே.

மோட்டார் வேலை முழுக்க டேப்போடு நடந்தது. கை வேலைக்கு வந்தபோது டேப் வழுக்குகிறது, பிடி நிற்கவில்லை என்று சலித்துக்கொண்டு உரித்துப் போட்டார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும்தான்.

கை ஃபைல் அமோகமாக ஜெயித்தது. துறைக் கூட்டத்தில் படங்களைப் போட்டு மோட்டார்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்தார்.

அடுத்த வாரமே விரல் டாக்டரின் அக்கா கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். அந்தப் பக்கம் மெல்லுவதற்கு அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பல்தான்.

"எப்படியாவது காப்பாத்திக் குடுடி. உன்னை நம்பித்தான் வந்திருக்கேன்" என்றார் தங்கையிடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கை ஃபைல்தான் நல்லதாம். இவதான் கண்டுபிடிச்சா" என்று பெருமையடித்துக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் வேர் கொக்கியாக வளைந்திருந்தது. விரல் டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டே ஃபைலைத் திருகினார். பாதி வழியில் அது நின்றது. கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் இறங்கவில்லை. என்னை மறுபடி படம் எடுக்கச் சொன்னார்.

ஃபைல் வளைவோடு திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் முட்டி, அங்கே ஒரு படியை வெட்டியிருந்தது. இனி எந்த ஃபைல் போனாலும் அந்தப் படியில்தான் இடிக்கும். நுனிவரை போக முடியாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.

படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிளாக்ல ஒண்ணுலகூட இப்படி ஆகலையே" என்று முணுமுணுத்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று. பக்கத்து நாற்காலிக்கு அவரே நடந்து போனார். நானும் படத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"சார், கொஞ்சம் வர்றீங்களா? படி விழுந்துடுச்சு." என் கையிலிருந்த படத்தைக் காட்டினார். "அந்த பிளாக்கெல்லாம்... கைக்கு மட்டும் டேப் இல்லாம செஞ்சேன். வளைவைப் பாத்துக்கிட்டே திருகியிருக்கேன். இப்பத்தான் உறைக்குது."

எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மோட்டார்காரர் பழிக்குப் பழி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. "அக்காவைப் பாப்போம், வாங்க மேடம்" என்றார்.

மோட்டாரை அவர் தொடவே இல்லை. ஆக மெல்லிய கை ஃபைல் ஒன்றை எடுத்து, நுனியைத் துளி வளைத்தார்.

"படியைத் தாண்ட இதுதான் சரி" என்று மட்டும் சொன்னார்.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு விரல் டாக்டர் பக்கத்தில் நின்றார். மோட்டார்காரர் அழுத்தாமல், அவசரப்படாமல், நுனியால் தடவித் தடவித் தேடினார். ஒரு கட்டத்தில் ஃபைல் படியைத் தாண்டி உள்ளே இறங்கியது. படம் எடுத்தேன். நுனிவரை போயிருந்தது.

குழாயை எடுத்ததும் அக்கா மரத்துப்போன வாயைக் கோணிக்கொண்டு மோட்டார்காரரிடம் கேட்டார்: "நீங்களும் கை ஃபைல்லதானே செஞ்சீங்க? பாத்தீங்களா, என் தங்கச்சி சொன்னது சரியாப் போச்சு."

மோட்டார்காரர் கை கழுவப் போனார். தேவைக்கு மேல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, காதில் விழாததுபோல நின்றார்.

"ஃபைல் நல்லதுதான்க்கா" என்றார் விரல் டாக்டர், தரையைப் பார்த்தபடி. "நான்தான் சரியில்ல."