எலும்பு பிரஷின் கோடுகள்

ஒரகடம் அருகே தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது நான் அங்கே சூப்பர்வைசர். தொடர் வேலையில் அசந்துபோயிருந்தேன். சித்தாள் அஞ்சலை மண்ணிலிருந்து ஒரு பழைய பிரஷை எடுத்துக் கொடுத்தாள். எலும்பில் கையால் செய்தது. மயிர் உதிர்ந்து துளைகள் மட்டும் இருந்தன. பின்புறம் மெல்லிய கோடுகள். அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வசதியாக, ஒட்டியிருந்த மண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்தேன்.

“இன்னா சார், கான்கிரீட் ஒட்டுன சென்ட்ரிங் தகடு தேய்க்கிற மாரி தேய்க்கிறீங்கோ? கோடெல்லாம் போவுது பாருங்க.”

அதற்குள் கோடுகள் அழிந்துவிட்டன.

தகவல் கேட்டு மறுநாள் வந்த தொல்லியல் அதிகாரி, “இதுல ஏதாவது கீறியிருந்ததா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். பக்கத்தில் நின்ற அஞ்சலையையும் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, “இல்ல சார்” என்றாள்.

அவர் போனதும் சொன்னாள்: “நீங்க இல்லன்னுட்டீங்க. நான் வேற இன்னா சொல்றது?”

அசதியில் தேய்த்ததற்கு எனக்குச் சமாதானம் உண்டு. அவளைப் பொய் சொல்ல வைத்ததற்கு இன்றுவரை இல்லை.