பேப்பர் கவருக்கு ஒரு விலை

மைதாப் பசை காய்ச்சும்போது அடியில் லேசாகப் பிடித்துவிட்டால் ஒரு வாசம் வரும்... கருகின தோசை மாதிரி. எறும்பு வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்தால் மூக்குக்குள் ஏறும்.

ஒரு தீபாவளி முடிந்த பிறகு எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான்.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேலை கிடையாது. நானும் பத்தாவதோடு நின்று வீட்டில்தான் இருந்தேன். அப்போதுதான் மகளிர் குழுவுக்குத் தொழில் பயிற்சி என்று ஒரு மேடம் வந்தார். பேப்பர் கவர் செய்யக் கற்றுக்கொடுத்தார். காகிதம் வெட்டுகிற மெஷின் ஒன்றும் குழுவுக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டார்கள், இனி எல்லாக் கடைக்கும் பேப்பர் கவர்தான் என்றார்.

அம்மா அதை அப்படியே நம்பினாள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா வேலை பார்த்த கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் வெடித்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது கதவை வேகமாகச் சாத்தினாலே எழுந்து நின்றுவிடுவாள்.

"இது மட்டும் ஓடிருச்சுன்னா இனி அங்கன காலெடுத்து வைக்க மாட்டேன் தாயி" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது...

அம்மா, பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை, நான். மூன்று பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். கம்பெனியில் எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவுதான் கூலி என்பதால் அம்மாவின் கைக்கு மெதுவாக வேலை செய்யவே தெரியாது.

"மதினி, பையப் பைய ஒட்டுங்க. இங்கன போர்மேன் யாரும் நிக்கலை" என்பார் அத்தை.

"நான் என்ன செய்ய? கை நிக்க மாட்டேங்குதே."

"அப்ப கையை மட்டும் இங்கன விட்டுட்டு நீங்க போயி ஒரு காப்பி போட்டுக் கொண்டாங்க."

கட்டிலுக்கு அடியில் கவர், பீரோ மேல் கவர், அரிசிப் பானை மேலும் கவர். சுருண்டு படுக்கத்தான் இடம் இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒருநாள் அம்மா மேடத்துக்கு போன் போட்டாள்.

"சரக்கு ரெடியா இருக்கு மேடம். வண்டி என்னைக்கு வருது?"

"எந்த வண்டிம்மா?"

"சரக்கு எடுக்கத்தான்."

 "நீங்கதாம்மா கொண்டுபோய் விக்கணும். இது உங்க சொந்தத் தொழில்" என்றார்.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் தீப்பெட்டி ஒட்டினாலும், பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றினாலும், வாசலுக்கு வண்டி வரும். காகிதத்தை இறக்கும், முடிந்ததை ஏற்றிக்கொண்டு போகும். இதற்கு இவ்வளவு என்று கூலியையும் அவர்களேதான் சொல்வார்கள். செய்து வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த தொழில்.

சாக்கில் கட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறி சாத்தூருக்குப் போனோம். முதலில் ஒரு மெடிக்கல் ஷாப். கடைக்காரர் ஒரு கவரை எடுத்து, உள்ளே கைவிட்டு விரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க. நூறு கவர் என்ன விலை?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அவர் ஒரு விலை சொன்னார். காகிதத்துக்கும் மைதாவுக்குமே அது காணாது. அம்மா "சரிங்க அண்ணாச்சி" என்று சாக்கை அவிழ்த்தாள். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள் என்றோம், சொன்னார்.

வெளியே வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார். "ஏன் மதினி, தெருக்குழாயில அம்புட்டுச் சண்டை போடுவீக. இங்கன மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"சண்டைன்னா போட்டுருவேன். விலை... இந்த வயசு வரைக்கும் எங்கிட்ட யாரு விலை கேட்டா?"

அடுத்த கடையில் விலை கேட்டபோது, "அங்கன இம்புட்டுக்குத்தான் குடுத்தோம்" என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்த விலைக்கு மேல் யாரும் தரவில்லை. போட்ட காசுகூடத் திரும்பவில்லை; அதோடு கவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டோம்.

கொஞ்ச நாளில் கம்பெனிகளில் பூஜை போட்டார்கள். காலையில் அம்மா தூக்குவாளியில் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

"போகாதம்மா."

"நவுரு தாயி. நேரமாச்சு."

அவ்வளவுதான். நகர்ந்து வழிவிட்டேன்.

இப்போது நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் அட்டை ஒட்டுகிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் ஓனர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பேன். விலையைச் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் நெளிவார், பேப்பர் விலையைப் பேசுவார், பழைய பழக்கத்தைப் பேசுவார். இவர் பேசாமல் இருப்பார். கடைசியில் பெரும்பாலும் அந்த விலைக்கே முடிந்துவிடும்.

பயிற்சியில் பசை காய்ச்சக் கற்றுக்கொடுத்தார்கள், மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பேங்கில் கணக்குத் திறக்கக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். இதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

போன வாரம் அம்மா வேலை முடிந்து வந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். விலையைச் சொல்லிட்டு சும்மா நின்னா போதும்மா என்றேன்.

"அவன் வேண்டாம்னுட்டா?"

"வேற கடைக்குப் போகணும்."

அம்மா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"அதுக்கு மறுநாச் சோத்துக்கு வீட்டுல அரிசி இருக்கணும்ல தாயி..."