தளியில் நான் பாதியில் நிறுத்திய மறையுரை

ஜனவரி கடைசி சனிக்கிழமை தளிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. ஜெரால்டு கூப்பிட்டான். ஓசூரில் தரப் பரிசோதனைப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டுப் பாதிரியாராகக் குருமடத்தில் சேர்ந்துவிட்டான். மறுநாள் பக்கத்துக் கிராமத்தில் பூசையில் அவன் கன்னடத்தில் மறையுரை, அதாவது பிரசங்கம், சொல்ல வேண்டும். பயிற்சி தரும் ஃபாதருக்குத் திருப்தி என்றால் கர்நாடகப் பக்கம் பணிக்கு அனுப்புவார். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். என் வீட்டில் பேசுவது கன்னடம். அதனால், ஒரு தடவை கேட்டுச் சொல் என்றான்.

ஓசூரில் மதியம் 2.10க்கு பஸ். 25 கிலோமீட்டர், டிக்கெட் 28 ரூபாய், ஒரு மணி நேரம். தளியிலிருந்து குருமடத்துக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். ஆள் சேரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நான்கு சீட்டுக்கும் கொடுத்தேன். தண்டம்.

ஸ்பெயின் ஆண்ட அமெரிக்காவில் மறைபரப்புக் குருக்களை எப்படித் தயார்செய்தார்கள் என்று ஜெரால்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே பழங்குடியினர் மொழியில் தேறினால்தான் பங்குக் கோயிலை ஒப்படைப்பார்களாம்.

"எங்க ஃபாதரும் அதே கேஸுதான்டா" என்று சிரித்தான்.

பிறகு மரத்தடியில் நின்று சொல்லிக் காட்டினான். கம்பெனியில் முதல் பீஸில் குறை இருந்தால் லைனையே நிறுத்திவிடுவோம். அதையேதான் இங்கும் செய்தேன். முதல் வரியில் நிறுத்தினேன், இரண்டாவதிலும் நிறுத்தினேன். இருபது நிமிடத்தில் ஒரு பத்திகூடத் தாண்டவில்லை.

"ரிஜெக்ட்டுடா. முதல்லருந்து எழுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை 7 மணி. அந்தக் கிராமத்துச் சிற்றாலயத்தில் முப்பது பேர் இருப்பார்கள். ஜெரால்டு கன்னடத்தில் இரண்டு வாக்கியம் சொன்னான். என்னைப் பார்த்தான். அப்புறம் கடைசிவரை தமிழ்தான். ஃபாதர் நோட்டை மூடினார்.

வெளியே கொத்தமல்லி விவசாயி ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நாங்க பேசறதே பாதி கன்னடம், பாதி தமிழு, நடுவுல தெலுங்கு. போன வாரம் ஜெரால்டு பிரதர் தப்புத் தப்பாத்தான் பேசுனாரு, நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு யாரப் பாத்து பயந்தாரோ தெரியல தம்பி."



ஜெரால்டு பஸ் ஏற்றிவிட வந்தான். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த வருஷமும் வந்து கேளுடா" என்றான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். ஆட்டோவில் ஆள் சேரும்வரை உட்காருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். யாராவது பேசிக் காட்டினால், முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.