கோர்ட்டுக்கு முதுகு காட்டி

ஆட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டே ஆட்டத்தைப் பாக்கக் கூடாத வேலை எனக்கு. போச்சியான்னு ஒரு விளையாட்டு. வெள்ளைப் பந்து ஒண்ணு கோர்ட்டுல கிடக்கும். அதுக்குப் பக்கத்துல யாரு தன்னோட பந்தைக் கொண்டு சேக்குதாங்களோ அவங்களுக்குப் பாயிண்டு. எங்க ரபீக்குக்குக் கையும் காலும் ஒத்துழைக்காது. சக்கர நாற்காலியில இருந்தபடி, நெத்தியில மாட்டின கம்பியால பந்தைத் தட்டி, சாய்வுப் பலகை வழியா உருட்டி விடுவான். அந்தப் பலகையை அவன் காட்டுத பக்கம் திருப்பி வைக்கிற ஆளு நான். கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி அவன் மூஞ்சியைப் பாத்து உக்காந்திருக்கணும். ரவுண்டு முடியுற வரைக்கும் திரும்பவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. மேனேஜர் முன்னால வாயைப் பொத்திக்கிட்டு வேலை பாக்குத மக்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வாய்

இதுக்கு முந்தி சீசனுக்குக் குத்தாலத்துல வேன் ஓட்டினேன். மெயின் அருவி, ஐந்தருவி, புலியருவின்னு பேசிக்கிட்டே ஓட்டித்தான் பழக்கம். அப்படிப்பட்டவன், குத்துக்கல்வலசை கல்யாண மண்டபத்துல முதல் நாள் பிராக்டீஸ்ல சும்மா இருப்பனா? ஃபேன் வேணுமா, வெளிச்சம் கண்ணுல அடிக்குதா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வச்சுப் பாப்பமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ரபீக்குக்கு ஒரு வார்த்தை பேசி முடிக்க நேரம் பிடிக்கும். நிதானமாச் சொன்னான்: "அண்ணாச்சி, அருவி எல்லாம் பாத்தாச்சு. பலகையைத் திருப்புங்க."

தண்ணி

எங்க முதல் பலகை, பலகையே கிடையாது. பிளாஸ்டிக் குழாயை நெடுக்க அறுத்துச் செஞ்சது. முகூர்த்த நாள்ல மண்டபம் கிடைக்காதுங்கதால குத்தாலத்துல தெரிஞ்ச லாட்ஜ்ல ஹாலைக் கேட்டிருந்தோம். குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு நுழையுதேன், உடம்பு பூரா எண்ணெயோட ஒருத்தர் படியில இறங்கி வந்து வழியை மறிச்சாரு. நான் சும்மா இருக்க ஆளா? இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கப் போறாங்க, அதுக்குத்தான் பிராக்டீஸ்னு ஆதியோட அந்தமா எடுத்துச் சொன்னேன். மனுசன் பொறுமையாக் கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு, "அதெல்லாம் சரி, மூணாவது மாடி பாத்ரூமுக்குத் தண்ணி எப்ப வரும்?"ன்னாரு.

வாப்பா

ரபீக்கை டீம்ல எடுத்துட்டாங்க. போட்டி துபாய்ல. அவன் வாப்பாவுக்கு அங்கனதான் ஒரு கடையில வேலை. ஊருக்கு வாரப்பல்லாம் இதே சண்டை. மகனைச் சேர்ல வச்சு நாலு பேரு வேடிக்கை பாக்க விடுததுல அவருக்குச் சம்மதமே இல்ல. ரபீக் விவரம் தெரிஞ்ச வாலிபன்தான், ஆனா வாசலைத் தாண்டணும்னா வீட்டாளுக தூக்கணுமே. வாப்பா வேண்டாம்னா வேண்டாம்தான்.

டிக்கெட் வந்த அன்னைக்கு வீடியோ கால்ல வந்தாரு. நைசா நழுவப் பாத்தேன், ரபீக் உம்மா போனை என் பக்கம் திருப்பிட்டாங்க. "ஒரு தடவை வந்து பாக்கேன். எனக்குப் பிடிக்கலன்னா இதோட பலகையைத் தூக்கிப் போட்டுரணும், கேட்டீகளா?"

சரிங்கன்னு தலையை ஆட்டிவச்சேன்.

சட்டை

முதல் ஆட்டத்தைப் போன்ல நேரலையாக் காட்டியிருக்காங்க. கடையத்துல மாமனார் வீட்டுல எல்லாரும் கூடிட்டாங்களாம். மச்சானைக் காணோமேன்னு கொழுந்தியா தேடியிருக்கா. என் வீட்டுக்காரி சொன்ன பதிலைத்தான் இப்ப ஊரே சொல்லிச் சிரிக்குது: "அந்தா, முதுகுல இந்தியான்னு எழுதின சட்டை, அதான் அவுக. மூஞ்சியத்தான் தெனம் பாக்கோமே."

கடைசிப் பந்து

மூணாம் எடத்துக்கான ஆட்டம். வாப்பா சொன்னபடி வந்து, ரபீக்குக்கு நேர் பின்னால உக்காந்துட்டாரு. ரபீக்குக்குக் கழுத்து அந்த அளவுக்குத் திரும்பாது. ஆக, எனக்கு ரெண்டு பேரு மூஞ்சியும் தெரியுது, பந்துதான் தெரியல. வாப்பா கையைக் கட்டிக்கிட்டு உம்முன்னு இருந்தாரு.

கடைசி ரவுண்டு வரைக்கும் சமம். எதிராளி பந்தெல்லாம் தீந்துபோச்சு, எங்களுக்கு ஒண்ணு பாக்கி. ரபீக் கண்ணால காட்டினான், துளி திருப்பினேன். தட்டினான். பந்து உருண்டு போன சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவன் மூஞ்சியில எப்பவும் ஒண்ணும் தெரியாது, அன்னைக்கும் தெரியல. ஆனா பின்னால வாப்பா எந்திரிச்சுட்டாரு. கண்ணீர் தாடியில இறங்குது, துடைக்காம ஓங்கி ஓங்கிக் கை தட்டுதாரு. ஜெயிச்சுட்டோம்னு எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. நடுவர் ரவுண்டு முடிஞ்சுதுன்னு கையைக் காட்டினாரு.

"தோத்துட்டோம் அண்ணாச்சி. நம்ம பந்து கொஞ்சம் தள்ளி நின்னுட்டு."

"பெறகு உங்க வாப்பா எதுக்குலே கை தட்டுதாரு?"

ரபீக்குக்கு உதடு நடுங்குததை அப்பத்தான் பாத்தேன்.

"தட்டுதாரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் தட்டுதாரா?"

இந்த வேலைக்கு வந்த பெறகு, இனி திரும்பிப் பாக்கலாம்னு நடுவரே சொல்லியும் நான் திரும்பாம உக்காந்திருந்த ஆட்டம் அது ஒண்ணுதான்.