முட்டை போடலக்கா

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தை ஓட்டிவந்தவரை எல்லோரும் ஆவியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவிக்காக வைத்த பெயர். காலடி ஓசையே இல்லாமல் பின்னால் வந்து நிற்கிற மனிதர் என்பதால் இரண்டு அர்த்தத்திலும் பொருந்திப்போனது. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரைப் பாராட்டியும் யாரும் பெரிதாக எதுவும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து, துணி மடிக்கும் நீள மேசையைத் துடைத்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆவியண்ணன் கொண்டுவருவது உருளைக்கிழங்கு சாலட். வெந்த கிழங்கு, வெங்காயம், கொஞ்சம் எண்ணெய், வினிகர், அவ்வளவுதான். முட்டை போடமாட்டார். அது துணி மடிக்கும் அக்காவுக்காக. ஏழு வயதில், தான் வளர்த்த கோழி குழம்பாகித் தட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா கறியோ முட்டையோ வாயில் வைத்ததில்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சாலட் டப்பா பாதிக்கு மேல் அப்படியே வீடு திரும்பும். "அண்ணே, வேலை பாக்கறதுதான் ஆஸ்பத்திரியில. சாப்பாடுமா ஆஸ்பத்திரிச் சாப்பாடு?" என்று துணி வண்டி தள்ளுபவர் ஒருமுறை கேட்டார். ஆவியண்ணனும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அது உள்ளே தைத்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவிக்குக் காய்ச்சல் என்று கோழிச் சாறு வைத்தார். மறுநாள் காலை அவர் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது மனைவி படுத்தபடியே சொன்னாள்: "மிச்சச் சாறைச் சுண்டவெச்சு, கிழங்கு சூடா இருக்கும்போதே ஊத்துங்க. பஞ்சு மாதிரி குடிச்சுக்கும்."

ஊற்றினார். வறுத்த பூண்டை நசுக்கிப் போட்டு, கடுகு விழுதைக் கலந்து, மிளகு தூவினார். ஒரு துண்டை வாயில் போட்டவருக்குத் தன் கையால் செய்ததுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது.

மதியம் வண்டி தள்ளுபவர்தான் முதலில் சாப்பிட்டார். "யாரு செஞ்சது, உண்மையைச் சொல்லுங்க" என்றார். மேற்பார்வையாளர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். ஆவியண்ணனுக்குக் காது மடலெல்லாம் சூடானது. அப்போது அக்கா கரண்டியை எடுத்தார்.

"முட்டை போட்டிருக்கியா தம்பி?"

"போடலக்கா."

சொல்லி முடிக்கும்போதே சாறு ஞாபகம் வந்துவிட்டது. கரண்டி இன்னும் தட்டுக்குப் போகவில்லை. சொல்ல நேரம் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் அவர் சமையலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க மனம் வரவில்லை. அக்கா சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிட்டார். மிச்சத்தையும் கேட்டு வாங்கி டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஆவியண்ணன் நடந்ததைச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட மனைவி, "எனக்குக் காய்ச்சல்ல நினைப்பில்லை. உங்களுக்கு என்ன?" என்று கேட்டதோடு சரி.

திங்கட்கிழமை அக்கா வந்து, "நானும் செஞ்சு பாத்தேன் தம்பி, அந்த ருசி வரல. என்ன பக்குவம்?" என்று கேட்டார். "வேகும்போதே உப்பு போடணும்க்கா" என்றார் ஆவியண்ணன். புதன்கிழமை மறுபடி வந்து, "உப்பு போட்டும் வரலியே" என்று அக்கா தன் கைப்பக்குவத்தையே நொந்துகொண்டார். அதைத்தான் ஆவியண்ணனால் தாங்க முடியவில்லை. பொய்யை நம்பி அந்த மனுஷி கிழங்கு கிழங்காக அவித்துக்கொண்டிருக்கிறார்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேசைக்குப் போய் நின்றார்.

"அக்கா, அதுல கோழிச் சாறு ஊத்தியிருந்தேன்."

அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

"தெரிஞ்சேவா குடுத்தே?"

"கொண்டுவரும்போது நினைக்கல. நீங்க கரண்டியை எடுத்தப்போ ஞாபகம் வந்துடுச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா கரண்டியை வெச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

ஆவியண்ணனுக்கு, அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அக்கா குழாயடிக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். நாலு நாள் ஆன பிறகு கொப்பளித்து என்ன ஆகப்போகிறது என்று அக்காவுக்கும் தெரியும். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி ஆவியண்ணன் தலை குனிந்து நின்றார்.

அக்கா யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அதுவே ஆவியண்ணனை இன்னும் கூசவைத்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் உலர்ந்த காளானை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிக் கிழங்கில் ஊற்றிக்கொண்டுவந்தார். ருசி குறையவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அக்கா மட்டும் டப்பாவைத் தொடாமல் பக்கத்தில் நகர்த்திவிடுவார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை டப்பா தன்னிடம் வந்தபோது அக்கா கேட்டார்: "இதுல என்னென்ன இருக்கு?"

ஆவியண்ணன் ஒன்று விடாமல் சொன்னார். எண்ணெய் எது என்பதுவரை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வண்டி தள்ளுபவர், "சாலட்டா கேட்டாங்க, ஜாதகமே வாசிக்கிறீங்களே" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அரைக் கரண்டி போட்டுக்கொண்டு, மெதுவாக மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"சரிக்கா" என்றார் ஆவியண்ணன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.