பெட்ரோல் மூடிக்குப் பூட்டு கேட்டவர்

1. பித்தளைப் பூட்டு

தணிகாசலம் எங்கள் ஷோரூமிலேயே விலை கூடிய வண்டியை வாங்கிக்கொண்டு போனவர். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதே வண்டியில் சர்வீஸ் வாசலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பித்தளைப் பூட்டு.

"மேடம், பெட்ரோல் மூடியில ஒரு ஓட்ட போட்டு கொண்டி வச்சிக் குடுங்க. லாரி டேங்குக்குப் போட்றாங்க இல்ல, அந்த மாரி. பூட்டு நானே வாங்கியாந்துட்டேன்."

நான் ஸ்டெல்லா. திருவள்ளூர் மணவாள நகர் பக்கம் உள்ள கார் ஷோரூமில் ரிசப்ஷனில் சேர்ந்து, பில்லிங், சேல்ஸ் என்று மேசை மேசையாக நகர்ந்து, இப்போது டெலிவரிக்கும் அதற்குப் பிறகு வரும் புகார்களுக்கும் பொறுப்பு. சன்ரூஃப் வழியாகச் சாமிக்கு மாலை போடலாமா என்று கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். பின் சீட்டில் ஆட்டுக்குட்டி ஏற்றலாமா என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். புத்தம் புது ஹைபிரிட் செடானின் பெயின்ட்டில் டிரில்லை வைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். பக்கத்தில் நின்ற எங்கள் பெயின்டர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த மூடியைக் காருக்கு உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். வெளியாள் யாரும் கை வைக்க முடியாது" என்றேன்.

"உள்ள உக்கார்றதே அவன்தானே மேடம்" என்றார்.

அவன் என்றது டிரைவர் எல்லப்பனை. அவர் வண்டிக்கு அந்தப் பக்கம், காதில் எல்லாம் விழும் தூரத்தில் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. தலையைத் தூக்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஹைபிரிட் என்றால் லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்று சொல்லித்தான் நாங்கள் விற்றோம். வண்டி பதிமூன்றுதான் கொடுத்தது. மீதியை எல்லப்பன் டியூப் போட்டு உறிஞ்சி விற்கிறார் என்று தணிகாசலம் முடிவு கட்டிவிட்டார்.

"ஷெட்ல எல்லார் எதிர்லயும் கேட்டேன். வாயே தொறக்கல" என்றார்.

2. சத்தம் வராத வண்டி

தணிகாசலத்துக்குத் தொழில் ஸ்டாஃப் பஸ். புதுவாயலில் ஆபீஸ், கவரைப்பேட்டை தாண்டி ஷெட். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது அவருடைய பஸ்கள். ஒற்றை வேனில் தொடங்கி முன்னுக்கு வந்த மனிதர். கம்பெனி மேனேஜர்களைப் பார்க்கப் போகும்போது கௌரவமாக இறங்க ஒரு வண்டி வேண்டும் என்று வந்தார்.

டெஸ்ட் டிரைவுக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார்.

"பண்ணியாச்சு ஐயா. கேட்டைத் தாண்டிட்டோம்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். வண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மனிதருக்கு அங்கேயே வண்டி பிடித்துப்போய்விட்டது. எங்களுக்குப் பாதி வியாபாரம் அந்த அமைதியில்தான் நடக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஹைபிரிட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு பெட்ரோல் இன்ஜின், ஒரு மோட்டார், ஒரு பேட்டரி. வெளியிலிருந்து பிளக் சொருகிச் சார்ஜ் போடுவது கிடையாது. மெதுவாக எடுத்தால் மோட்டாரே இழுக்கும், இன்ஜின் தூங்கும். டிரெய்லர் லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தால் இரண்டும் சேர்ந்து தள்ளும். அந்த இழுப்பில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கைத் தொட்டாலோ, இறக்கத்தில் உருண்டாலோ, சக்கரம் மோட்டாரைச் சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். வீணாகப் போகும் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் சாமர்த்தியம். மைலேஜ் வருவதும் அதனால்தான்.

டெலிவரி அன்று இதையெல்லாம் தணிகாசலத்துக்கு ஒரு மணி நேரம் விளக்கினோம். படுக்கையாகச் சாயும் பின் சீட், நடுவில் இருக்கும் ஆர்ம்ரெஸ்டிலேயே ஏசியையும் பாட்டையும் மாற்றும் பட்டன், கண்ணாடிக்குத் திரை, எல்லாம் காட்டினோம். ரிப்பன் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியோடு குடும்பமாகப் போட்டோ எடுத்தோம். டிரைவருக்கு ஸ்வீட் பாக்கெட் ஒன்று கொடுத்து, "பாத்து ஓட்டுங்க" என்றோம். எல்லா ஷோரூமிலும் இதுதான் வழக்கம்.

3. குறை இல்லை என்ற ரிப்போர்ட்

பூட்டை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு வண்டியை வொர்க்‌ஷாப்புக்குள் அனுப்பினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். லிஃப்டில் தூக்கிப் பார்த்தார்கள். லீக் இல்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, டயர் காற்று சரி. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அன்றைக்கு இல்லை. வண்டி நல்லது என்றால் ஆள்தான் கெட்டவன் என்றாகிறது.

"பாத்தியாம்மா? நாளையிலருந்து வேற டிரைவர் பாத்துக்கறேன்" என்றார் தணிகாசலம்.

எல்லப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேலைய வுட்டு அனுப்புங்க மொதலாளி, பரவால்ல. திருடன்னு சொல்லி அனுப்பாதீங்க. எம் பொண்ணக் குட்த்த ஊடு பொன்னேரில கீது. அவங்க காதுல வுயும்."

குரலில் கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்ரோல் எடுத்தவர் இப்படிப் பேசமாட்டார் என்று தோன்றியது. தோன்றியதை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாதே.

"ஐயா, ஒரு தடவை நானும் கூட வர்றேன். நீங்க பின்னாடி உக்காருங்க, அவர் எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டட்டும்" என்றேன்.

"வந்து இன்னா பாக்கப் போற? சரி, வா."

4. மேம்பாலம்

நான் எல்லப்பனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் பக்கம் கிளம்பினோம்.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். வண்டி சத்தமில்லாமல் தயாராக நின்றது. உடனே ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தார். இன்ஜின் அலறி எழுந்தது. வண்டி பாய்ந்தது.

"ஏன் அண்ணா இப்படி மிதிக்கிறீங்க?"

"சத்தம் வந்தாத்தான் மேடம் வண்டி கெளம்புச்சின்னு மனசு ஒத்துக்குது. இல்லன்னா பேஜாரா கீது."

ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் இதே கதை. மோட்டாருக்கு வேலை செய்ய வாய்ப்பே கொடுக்கவில்லை. ஆனால் இதற்காக மட்டும் மைலேஜ் இவ்வளவு விழாது. நான் தொடர்ந்து கவனித்தேன். மற்றபடி அருமையான டிரைவர். குழி வருமுன்பே தெரிந்து ஒதுக்குகிறார். மாடு குறுக்கே வந்தால் திட்டுவதில்லை.

ஹைவேயில் ஏறி, கவரைப்பேட்டை மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் எல்லப்பனின் இடது கை தானாக லீவருக்குப் போனது. ஒரு தட்டு. ஸ்கிரீனில் N என்று விழுந்தது. சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகிற பச்சை அம்பு வந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வண்டி இறக்கம் முழுக்கச் சும்மா உருண்டது.

"என்ன அண்ணா பண்ணீங்க?"

"நூட்ரல் மேடம். எறக்கத்துல எதுக்கு தண்டமா ஆயில் எரிக்கணும்?"

பின் சீட்டிலிருந்து தணிகாசலத்தின் குரல் பெருமையாக வந்தது. "அது என் ஆர்டரும்மா. வேன் ஓட்டுன காலத்துலயே நான் கண்டுபுடிச்சது. எறக்கத்துல, ஜாம்ல, சிக்னல்ல, எங்க வண்டி நவுந்து நின்னாலும் நூட்ரல். போடாதவனுக்கு என் ஷெட்ல வேல இல்ல. எல்லப்பன் அதுல மட்டும் கரெக்டு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

"ஐயா, திருடன் கெடச்சிட்டான்."

"யாரு?"

"உங்க ஆர்டர்தான்."

நியூட்ரல் போட்டால் இந்த வண்டியில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் உள்ள பேச்சுவார்த்தை நின்றுவிடும். இறக்கத்தில் ஏறவேண்டிய சார்ஜ் ஏறாது. ஜாமில் நியூட்ரலில் நின்றால் ஏசி பேட்டரியைத் தின்னும், திரும்ப நிரப்ப வழியிருக்காது. பேட்டரி காலியாகக் காலியாக இன்ஜினே எல்லாவற்றையும் சுமக்கும். ஹைபிரிட் வாங்கி, வெறும் பெட்ரோல் காராக ஓட்டியிருக்கிறார்கள். எல்லப்பன் சொன்ன பேச்சைத் தட்டாத மனிதர். அதனால்தான் மைலேஜ் இவ்வளவு மோசம். ஆர்டரை மதிக்காத டிரைவராக இருந்திருந்தால் பதினெட்டு கிலோமீட்டராவது வந்திருக்கும்.

இதையெல்லாம் தணிகாசலத்திடம் சொல்லி முடித்தேன். எல்லப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா சொல்லாத. காட்டு" என்றார் தணிகாசலம்.

டிரிப் மீட்டரை ஜீரோவாக்கினேன். "அண்ணா, முட்டை மேல கால் வைக்கிற மாதிரி எடுங்க. லீவர் D-லயே இருக்கட்டும். தூரத்துல லாரி நிக்கிறது தெரிஞ்சா இங்கயே காலைத் தூக்கிடுங்க" என்றேன். எல்லப்பனுக்கு இரண்டு முறை சொல்லத் தேவைப்படவில்லை. கும்மிடிப்பூண்டி வரை போய்த் திரும்பினோம். சாய்ந்து படுக்கிற சீட்டை வாங்கிய மனிதர், இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தார்.

"ஏறுது, ஏறுது. எல்லப்பா, பிரேக்க அமுக்காத, மெள்ளத் தொடு. ஆங். இன்னொரு கட்டம் ஏறிச்சி பாரு." மேம்பாலம் முடிந்ததும், "இன்னொரு தபா மேல ஏறி எறங்கு" என்றார். மூன்று முறை ஏறி இறங்கினோம். மீட்டரில் மைலேஜ் இருபத்தொன்றைத் தாண்டியது.

எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தொன்று என்ற எண் அவருக்குப் போதாது என்று எனக்குப் புரிந்தது. அவரைத் திருடன் என்று சொன்னது ஷெட்டில் வைத்து. அதைக் காதால் கேட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். தணிகாசலத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"ஷெட்டுக்கு வுடு" என்றார்.

5. ஷெட்

மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். பஸ் டிரைவர்கள் கையில் சாவியோடு கூடியிருந்தார்கள். தணிகாசலம் இறங்கியதும் சத்தமாகவே சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எல்லப்பன் பெட்ரோல் எடுக்கல. அவன் மேல தப்பு இல்ல. நான் போட்ட ஆர்டர்தான் பெட்ரோலத் தின்னுச்சி. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

அந்த மனிதர் தப்பு என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு டிரைவர், "அப்ப பஸ்ல இனிமே நூட்ரல் போடலாமா, வேணாமா மொதலாளி?" என்றார்.

"என்னிய இன்னாத்துக்கு கேக்கற? மேடத்தக் கேளு."

"பஸ்லயும் வேண்டாம். இறக்கத்துல கியர் இல்லாம உருட்டினா பாரம் எல்லாம் பிரேக் மேல விழும். ஐயாவுக்கு மிச்சமாகுற டீசல் ஆஸ்பத்திரி செலவுக்கே போயிடும்" என்றேன். ஷெட்டே சிரித்தது. தணிகாசலமும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எல்லப்பன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார், நிறைய நேரம் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இது. டெலிவரி அன்று முதல் கேள்வி, "வண்டியை ஓட்டப்போறது யாரு?" என்பதாக இருக்கட்டும். அவரை முதலில் ஸ்டீயரிங் முன்னால் உட்கார வையுங்கள். அரை மணி நேரம் அவருக்கு. முதலாளி அதுவரை அட்டைச் சாவியோடு வெளியே நிற்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. சிலர் முகம் சுளிப்பார்கள், ஜூஸ் கொடுங்கள். ஓட்டுகிறவருக்குச் சொல்லாமல் அனுப்புகிற வண்டி, என்றைக்காவது ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிடும்.