எதிர்வீட்டுக்குப் போகாத முறுக்கு

“அக்கா, இந்த வருஷம் முறுக்கு போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் செமினி ஊர்ல முறுக்கு விக்கறவங்ககிட்ட ஆர்டர் கொடுத்துட்டேன்.”

சொன்னவள் எதிர்வீட்டு வாசுகி. கிள்ளானில் அவள் கேட்டுக்கும் எங்கள் கேட்டுக்கும் நடுவே ஒரு கார் போகிற இடம்தான். வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் விற்கிறவளுக்கு மாவு பிசைவது சின்ன வேலை. விற்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரியவைப்பதுதான் பெரிய வேலை. அடுப்பையும் போனையும் கட்டிக்கொண்டு அழும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

மூன்று நாள் வாசம்

நாற்பது டின்னுக்கு மாவு அரைத்தாகிவிட்டது. விற்காவிட்டால் பொங்கல் வரை நாங்களே கடிக்க வேண்டியதுதான். தினமும் படம் பிடித்து போனில் போஸ்ட் போட்டேனே, பார்க்கவில்லையா என்று வாசுகியைப் பிடித்துக்கொண்டேன்.

“மூணு நாளா வாசம் வந்துச்சுக்கா. போஸ்ட் வரலையே.”

காசு கட்டினால் காட்டுவார்கள்

என் நாத்தனார் மாலா பிரிக்பீல்ட்ஸில் விளம்பர வேலை பார்க்கிறாள். “உங்க போஸ்ட்டை எல்லாருக்கும் சும்மா காட்டினா அந்த ஆப் கம்பெனி எப்படி அண்ணி பிழைக்கும்?” என்றாள். கான்வென்ட்டில் எங்களை வரிசையில் நிற்கப் பழக்கினார்கள். இங்கே காசு கட்டினவளுக்குத்தான் முன்வரிசை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். விளம்பரம் போய்ச் சேர்ந்தது என் வீட்டுக்காரருக்கு.

“உன் முறுக்கை மூணு தடவை பாத்துட்டேன்மா. சோறு எப்போ?”

புதுக் கம்பெனியின் பாசம்

கோபத்தில் போட்டிக் கம்பெனிக்குத் தாவினேன். அங்கே ஒரே உபசாரம். டெலிவரி இலவசம், கமிஷன் கிடையாது, லைவில் வந்து நேரலையாக விற்கச் சொல்லி தினம் அழைப்பு. போனேன். பின்சுவரில் விலையைக் கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு பேசினால், ஒன்பது பேர் ‘எவ்ளோ சிஸ்?’ என்று கேட்டார்கள். ஒன்பது பேரையும் பெயர் சொல்லித் திட்டினேன். பத்து டின் போனதும் கம்பெனியின் பாசம் தீர்ந்தது. ஒவ்வொரு டின்னிலும் பங்கு கேட்டது. மாலா சிரித்தாள்.

“பழகற வரைக்கும் ஊட்டிவிடுவாங்க அண்ணி. அப்புறம் தட்டைக் கழுவச் சொல்வாங்க.”

போர்ட் கிள்ளான் ரசிகர்

ஒரு லோரிக்கார அண்ணன் நேரிலேயே வந்து நான்கு டின் வாங்கினார். என் லைவ் பார்த்துத்தான் வந்தாராம். மனம் குளிர்ந்து ஒரு பிடி முறுக்கு கூடுதலாகப் போட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

“நீங்க திட்டறதைப் பாக்கத்தான் ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் உக்காருவோம்க்கா. நடுநடுவுல செமினி முறுக்கு விளம்பரம் வருதே, அது நல்லா இருக்குமா?”

கடைசி இரண்டு டின்

ஆக, திட்டு என்னுடையது, விளம்பரம் செமினிக்காரியுடையது, லாபம் கம்பெனியுடையது. முப்பத்தெட்டு டின் எப்படியோ போய்விட்டது. தீபாவளிக்கு முதல் நாள் வாசுகி வந்து நின்றாள். மீதி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினாள்.

“செமினி முறுக்கு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வர்றவங்களுக்குக்கா. இது நாங்க சாப்பிட.”

இரண்டு கம்பெனிகளும் லாபம் பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும்: விலையை எழுதி ஒட்டின பிறகும் ‘எவ்ளோ சிஸ்?’ என்று கேட்கிறவர்களிடம் ஆளுக்குப் பத்து சென் வாங்கட்டும், நாளைக்கே கோடீஸ்வரர்கள். இதை இரண்டு பேருக்கும் எழுதி, கீழே ஒரு வேண்டுகோளும் வைத்தேன்: “அடுத்த வருஷம் என் முறுக்கை எதிர்வீட்டுக்கு மட்டுமாவது காட்டுங்கள்.”

படித்துவிட்டதாக நீலக்குறி காட்டுகிறது.